இரண்டு மூட்டை கல்லுப்பு

வீட்டு வளவில், சொந்த மண்ணிலேயே, ஒருவரை அடக்கம் செய்ய என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி, பக்கத்து வளவுக்காரர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், எல்லாம் அத்துப்படி. இந்த அறிவு என் சொந்த வீட்டில் தேவைப்பட்ட ஒரே நாளில் எனக்கு வயது ஒன்பது.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் வழியில் எங்கள் வீடு. அப்பாவின் அண்ணன் எங்களோடு இருந்தார். அரசாங்க குமாஸ்தா, கல்யாணம் செய்யாதவர். மந்தமானவர் என்று முடிவு செய்து அவருடைய கோப்பினை வீட்டில் எப்போதோ மூடியிருந்தார்கள். சித்தர் வழி வந்த ஒரு குருமரபில் அவர் தீட்சை பெற்றவர் என்பது யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அந்த மரபின் முதல் விதி.

எனக்குத் தெரியவந்தது ஒரு நிர்வாகக் கோளாறினால். ஒளிந்து விளையாடும்போது அவர் கட்டிலுக்கடியில் கிடந்தேன். அவர் வந்து கதவைச் சாத்தி, உட்கார்ந்து, சில சொற்களை முணுமுணுப்பாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கட்டிலுக்கடியிலிருந்து நானும் கூடச் சொல்ல ஆரம்பித்தேன்.

பெரியப்பா குனிந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு வியர்த்திருந்தது.

"கேட்டாச்சுல்லா? இனி உன்னை வெளிய நிறுத்த முறையில்ல மக்கா. உள்ள சேக்கத்தான் முறை உண்டு."

குளித்துவிட்டு வரச் சொல்லி, அதே சொற்களை என் வலது காதில் முறைப்படி மறுபடி சொன்னார். முன்னால் நடந்துவிட்ட தவறைப் பிறகு ஓர் உத்தரவு போட்டு ஒழுங்காக்குவது அலுவலகங்களில் சாதாரணம். உத்தரவோடு ஒரு நிபந்தனையும் இருந்தது.

"இதை யாருட்டயும் சொல்லப்பிடாது. நான் இருந்தாலும், இல்லேன்னாலும்."

அதன்பின் தினமும் கொஞ்ச நேரம் இருவரும் கண்மூடி உட்காருவோம். அந்த வீட்டில் என்னை எதுவும் ஏவாமல் பக்கத்தில் உட்காரவைத்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு பங்குனியில் என்னையும் கூட்டிக்கொண்டு எல்லைக்கு அப்பால் உப்பளத்துக்குப் போய், இரண்டு மூட்டை கல்லுப்பு வாங்கி வாடகைக் காரில் ஏற்றினார். திரும்பும்போது களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவலர் மூட்டையைத் தட்டிப் பார்த்து, எதற்கு இவ்வளவு என்று மலையாளத்தில் கேட்டார்.

"இத்ர உப்பு எந்தினா அண்ணா?"

"மாங்காய் போடத்தான். எங்க வீட்டில எல்லாருக்கும் நாக்குக்கு நீளம் கூடுதலாக்கும்."

காவலர் சிரித்துக்கொண்டே காரைப் போகவிட்டார். வீட்டில் கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். மூட்டைகளைத் தன் அறையில் அடுக்கிய பிறகு எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார்.

"நம்ம முறையில செத்தா தீ கிடையாது மக்கா. மண்ணில இருத்துவாவ. சுத்தி உப்பு. வளவில நிக்க அந்த நெல்லி மரத்து மூட்டில இருத்தினா மதி, அது போதும்."

"பயமா இருக்காதா பெரியப்பா?"

"இருக்கதுக்கு என்ன பயம்? எரியதுக்குத்தான் எனக்குப் பயம்." கொஞ்ச நேரம் உப்பு மூட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்க அப்பாட்ட சொல்லணும். நேரம் வரட்டு."

நேரம் வரவில்லை. அடுத்த வாரம் மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, வளவின் தெற்கே சிதை அடுக்குவதற்காக மாமரத்தை வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கோடாரியை எடுக்கும் முன் அப்பா என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"நீதானே மக்கா எப்பவும் அண்ணன் கூட இருப்பா. இன்னது வேணும்னு எதாவது சொல்லியிருந்தாரா?"

அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. எதைச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பார். நெல்லி மரத்தின் பக்கம் பார்வை போகாமலிருக்க நான் பெரும்பாடு பட்டேன். காதில் சொன்ன சொற்கள், உப்பு, மண் எல்லாம் எனக்கு ஒரே ரகசியம்.

"ஒண்ணும் சொல்லல்ல," என்றேன்.

மாமரம் சாய்ந்தது. கிளையெல்லாம் பிஞ்சு. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. மாங்காயை உப்பிலிட அடுப்பு வேண்டாம் என்று அத்தை ஒரு விதிவிலக்கைக் கண்டுபிடித்தார். "பாவம், அண்ணனே உப்பு வாங்கி வச்சிட்டுப் போயிருக்கு," என்று அழுதுகொண்டே முதல் மூட்டையைப் பிரித்தார். சோதனைச் சாவடியில் அறிவித்த நோக்கத்துக்கே அந்த உப்பு முழுவதும் செலவானது.

அன்று நான் அழவில்லை. தேர்வில் தேறியவள்போல இருந்தேன். தெற்கே புகை எழுந்தபோது அந்தச் சொற்களை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன். பெரியப்பா எங்கிருந்தோ பார்த்து மெச்சுவார் என்று நம்பினேன்.

காதில் சொன்னதை மறைக்கச் சொன்னார். தன் பயத்தை மறைக்கச் சொன்னதாக எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அதைச் சொல்ல அவருக்கு அந்த வீட்டில் ஒன்பது வயதுக்காரி ஒருத்திதான் கிடைத்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. மறு மாங்காய்க் காலம் வரை, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் அந்த மாங்காயில் உப்பு கூடிப்போயிற்று என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.