தண்ணிக்கு அரைக் கிலோ

மீன் கோர்வையைக் கையில் வாங்குமுன் சரவணமுத்து வலது உள்ளங்கையைச் சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். செவுள் வழியே கோத்துக் கட்டிய தங்கூசி நூலை இரண்டே விரல்களில் மாட்டி, மீன்களைக் காதுயரத்துக்குத் தூக்குவார். இடது கண் தானாக மூடிக்கொள்ளும். மீன்கள் ஏதோ சொல்வது போலவும் அதை இவர் முழுசாக நம்பாதது போலவும் தலை ஒரு பக்கம் சாயும். குளக்கரையில் அந்த நேரம் யாரும் வாய் திறப்பதில்லை.

"நாலு" என்பார். மூச்சை விட்டுவிட்டு, "தண்ணிக்கு அரை கழிச்சா மூணரை."

இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே, பகலிலும் பனியில் பாதி மறைந்து கிடக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பது அவர் தொழில். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் குறுக்குக் கம்பியில் மணிக்கூடு போல வட்ட முகத்தோடு ஒரு தராசு தொங்குகிறது. முகம் இவர் பக்கம், கொக்கி பெண்கள் பக்கம். வரிசையில் வந்து பெண்கள் சாக்கை மாட்டுவார்கள். முள் எங்கே நிற்கிறது என்று இவருக்கு மட்டுமே தெரியும். இவர் வாயால் சொல்வதைத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். சொல்வதற்குமுன் சாக்குக்கு ஒரு கிலோ போகும், ஈரக் கொழுந்தின் தண்ணீருக்கு ஒன்று போகும்.

"என்னாண்ணே, காலையில இருந்து ஒரு பொட்டு மழை இல்ல. எந்தத் தண்ணியக் கழிக்கிறீங்க?" என்பாள் ஒருத்தி.

"பனி."

"பனி எப்பவோ காஞ்சிருச்சே!"

"அப்ப வேர்வ. சொன்னா சொன்னதுதான். தள்ளு, அடுத்த ஆள் வரட்டும்."

அந்த அடுத்த ஆள் பல நாள் அவருடைய மனைவி ஜீவராணியாகவே இருப்பாள். அவளுக்கு மட்டும் இன்னும் ஒரு கிலோ கூடுதலாகக் கழியும். பொஞ்சாதிக்கு ஏத்திப் போட்டான் என்று ஒருத்தியும் பேசிவிடக் கூடாதல்லவா. ஜீவராணி சண்டை பிடிப்பதில்லை. தராசுக்கு மேலாக அவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். சாக்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மடுவம் பூட்டியிருக்கும். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு சரவணமுத்து குளத்துக்குப் போவார். தொழிற்சாலைக்குத் தண்ணீர் போவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய குளம். இப்போது திலாப்பியாவும் கெண்டையும்தான் அதற்குச் சொந்தக்காரர்கள். தூண்டில் போட வழக்கமாக வருவது மூன்று பேர். சரவணமுத்து ஒருவர். ஜீவராணியின் தம்பி தம்பையா, ஆட்டோ ஓட்டுபவன், இன்னொருவன். மூன்றாவது ஆள் பெரகல சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் புஹாரி.

குளத்துக்கு ஓடை வந்து விழும் மூலையில், முதுகு மட்டும் தெரிய ஒரு பாறை இருக்கிறது. ஆனைக்கல் என்பார்கள். ஓடை கொண்டுவரும் இரைக்காக மீன்கள் அதைச் சுற்றியே திரியும். கரையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: இந்த ஞாயிறு யாருடைய கோர்வை கனமோ, அடுத்த ஞாயிறு கல் அவருக்கு. தராசு கிடையாது. சரவணமுத்துவின் கைதான் தராசு. யாரோ முன்னொரு முறை சந்தேகப்பட்டு ஒரு கோர்வையைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தார்கள். கை சொன்னதையே கடைத் தராசும் சொன்னது. அதற்குப் பிறகு யாரும் சரிபார்த்ததில்லை. கல்லும் வருடக்கணக்காக அவரிடமே இருந்தது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்தே அந்தக் கல்லில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதாகத் தம்பையா சொல்வான்.

புஹாரி வந்தது கொரோனா காலத்தில். கடையைப் பூட்டிப்போட்டிருந்த சலிப்பில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தவர், சலிப்பு தீர்ந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். தூண்டிலைப் போட்டுவிட்டு மிதப்பைப் பார்க்கவே மாட்டார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எவருக்கோ, "டிஸ்ப்ளே போனா போனதுதான் மகன், ஒண்ணும் செய்யேலா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அப்போதுதான் மிதப்பு அமிழும். மீன் அவரிடம் பிடிபடவில்லை, அவரைத் தேடிக்கொண்டு வருகிறது என்றே சரவணமுத்துவுக்குத் தோன்றும்.

இரையில்தான் விஷயம் இருக்க வேண்டும் என்று ஒரு காலம் நம்பினார். புஹாரி தன் மனைவி ஸில்மியா சுட்டுக் கொடுக்கும் தேங்காய் ரொட்டியைப் பிய்த்துத் தூண்டில் முள்ளில் குத்துவார். சரவணமுத்து வீட்டுக்குப் போய் ஜீவராணியிடம் அதே மாதிரி ரொட்டி கேட்டார். தேங்காய் கூடட்டும், உப்பு குறையட்டும், தோசைக்கல்லில் கொஞ்சம் கருகட்டும். மீன்கள் தொடவில்லை. பொழுது சாய்ந்ததும் மிச்ச ரொட்டியை ஆனைக்கல்லின் மேல் உட்கார்ந்து அவரே தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

குளக்கரைக்குத் தண்ணீர்க் கழிவு வந்ததும் புஹாரி வந்த பிறகுதான். முதலில் கால் கிலோ. கோர்வை கனக்கக் கனக்க அது அரைக் கிலோ ஆயிற்று. சட்டம் எல்லாருக்கும் பொது என்றுதான் பேச்சு. சரவணமுத்துவின் கோர்வை மட்டும் எப்போதும் காய்ந்திருக்கும்.

"ஒங்களுதுக்குத் தண்ணி இல்லையா மச்சான்?" என்பான் தம்பையா.

"என்னுது கரையேறி எவ்வளவு நேரம்? வெயில்ல காஞ்சு கெடக்கு."

"எந்த வெயில்ல? எனக்கு ஒங்க மூஞ்சியே தெரியல, அவ்வளவு பனி!"

புஹாரி சிரித்துவிடுவார். "முத்தண்ணன் சென்னா சரிதான். வுடுங்க தம்பி."

அந்தச் சிரிப்புதான் சரவணமுத்துவைக் கொன்றது. ஏமாற்றப்படுகிறோம் என்று தெரியாமல் சிரித்தால் பரவாயில்லை. தெரிந்துகொண்டே சிரிக்கிறவனை என்ன செய்வது? கழித்த அரைக் கிலோவைப் புஹாரி ஒருபோதும் திருப்பிக் கேட்டதில்லை. அது போதாதென்று போகிற வழியில் சரவணமுத்து குடியிருக்கும் லயத்து வரிசையில் வண்டியை நிறுத்தி, இரண்டு மீனை ஜீவராணியிடம் கொடுத்துவிட்டுப் போவார். "புஹாரி நானாவோட மீனுல நல்ல கொழுப்பு" என்று அவள் சொல்லும்போது, அதே குளம், அதே மீன் என்று சரவணமுத்து தட்டைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பார்.

ஞாயிறு சாயந்தரமானால் அவருக்கு வயிறு எரியும். பாலில்லாத வெறுந்தேத்தண்ணீர் அதிகம் குடிப்பதால் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை வாங்கிச் சப்புவார்.

"அந்த எரிச்சலுக்கு மாத்திர இல்லீங்க" என்பாள் ஜீவராணி, வெங்காயம் உரித்தபடி.

கல் கைநழுவவில்லை. ஆனால் அவர் அதில் உட்கார்ந்திருந்தது பாதி தூண்டிலால், பாதி வாயால். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே கல் முன்போல் இதமாக இல்லை.

போன ஐப்பசி மழையில் குளம் விளிம்பு தட்டிக் கலங்கிக் கிடந்த ஒரு ஞாயிறு அது. சரவணமுத்துவின் தூண்டிலில் ஒரு கெண்டை ஏறியது. தங்கூசி உள்ளங்கையை அறுக்க, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கட்டிப்பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். முன்னால் பிடித்த திலாப்பியாக்களோடு அதையும் கோத்துத் தூக்கியபோது கை சொன்னது: ஏழு. புஹாரியின் கோர்வையையும் வாங்கித் தூக்கினார். ஆறரை. இன்னொரு தடவை தூக்கினார். ஆறரையேதான்.

நெஞ்சுக்குள் ஏதோ விளக்கேற்றியது போலிருந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு, ஒரு பொட்டுத் தண்ணீர் கழிக்காமல், சுத்தமாக ஜெயித்திருக்கிறார்! ஆனால் இதை வாயால் சொன்னால் யார் நம்புவது? வழக்கமாகச் சொல்வது போலத்தானே கேட்கும்?

"இன்னைக்குக் கை வேணாம். மடுவத்துத் தராசுல போடுவோம்" என்றார்.

தம்பையா வாயைப் பிளந்தான். "என்னத்துக்கு முத்தண்ணன்? ஒங்கட கைதான் ஈக்கே" என்றார் புஹாரி. அது அன்பாகச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று யோசித்துக்கொண்டே சரவணமுத்து முன்னால் நடந்தார். அரைஞாணில் சாவி குலுங்கியது.

ஆளில்லாத மடுவத்தில் நேற்றைய கொழுந்தின் வாடை அடைந்துகிடந்தது. விறகு பொறுக்கிக்கொண்டு அந்த வழியாக வந்த ஜீவராணி, கதவு திறந்திருப்பதைக் கண்டு சுமையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். வந்து, பழக்கம் யாரை விட்டது, தினமும் நிற்கிற இடத்திலேயே நின்றாள். கொக்கிக்கு அந்தப் பக்கம்.

முதலில் புஹாரியின் கோர்வை ஏறியது. முள் ஆடி நின்றது.

"ஆறரை" என்றார் சரவணமுத்து.

"தண்ணி?" என்றான் தம்பையா.

"இன்னைக்குக் கழிவு கெடையாது. முள்ளு என்னா சொல்லுதோ அதான்." ஒரு துரையின் பெருந்தன்மையோடு கையை வீசினார்.

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியும் சொல்ல வருமா ஒங்களுக்கு?"

அடுத்து தன் கோர்வையை மாட்டினார். கெண்டையின் வாலிலிருந்து தண்ணீர் சிமெந்துத் தரையில் சொட்டியது. ஈரச் சாக்கிலிருந்து சொட்டும் அதே சத்தம். முள் ஏழுக்குப் போய், நடுங்கி, ஏழிலேயே நின்றது. எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வதற்காக அவர் முகத்தைத் தூக்கினார். வட்டத் தராசுக்கு மேலே, தினமும் தெரிகிற இடத்தில், தினமும் தெரிகிற முகம் தெரிந்தது. தலைத்துண்டு, மழை முத்து ஒட்டிய நெற்றி, ஒன்றும் கேட்காத கண்கள்.

"ஆறு" என்றது வாய்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. ஏழில் ஒன்றைக் கழித்தாயிற்று. கொழுந்துக்குக் கழிப்பது போல, இவளுக்குக் கழிப்பது போல, யோசிக்காமல், தானாகவே.

"ஆறா?" தம்பையா துள்ளினான். "நானாவுக்கு ஆறரை, ஒங்களுக்கு ஆறு. அப்ப கல்லு நானாவுக்கு!"

முள் இன்னும் ஏழிலேயே நின்றது, இவர் ஒருவர் மட்டும் பார்க்க. தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். தண்ணியைக் கழித்துவிட்டேன், மீனுக்கு ஏது தண்ணி என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை நாள் புஹாரியிடம் கழித்த தண்ணீரெல்லாம் என்ன தண்ணீர்? எதிரே நிற்பவளிடம் கழிக்கிற தண்ணீர்?

"இன்னொருக்காப் பாருங்களே முத்தண்ணன்" என்றார் புஹாரி. "எனக்கு என்னமோ ஒங்கட மீன்தான் பெருசா வெளங்குது."

அந்த நிமிடம் சரவணமுத்து அவரை வெறுத்தது போல வாழ்நாளில் யாரையும் வெறுத்ததில்லை. இருந்தாலும் வாய் திறக்கத்தான் பார்த்தார். அதற்குள் ஜீவராணி வாசலுக்குப் போய் விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் பாக்க மாட்டாரு நானா. எங்க மடுவத்துல சொன்னா சொன்னதுதான்."

அவர் கோர்வையைக் கழற்றினார். முள் விறுக்கென்று பூச்சியத்துக்கு ஓடியது.

அன்று கெண்டைக் குழம்பு. நல்ல கொழுப்பு. அதை யாரும் சொல்லவில்லை.

"ஏழுதானே?" என்றாள் ஜீவராணி, சோறு போட்டுக்கொண்டே.

"ஒனக்கெப்படித் தெரியும்? முள்ளு என் பக்கந்தானே இருக்கு."

"முள்ள யாரு பாத்தா? கழிக்கிறப்ப ஒங்களுக்கு இந்தக் கன்னம் உள்ள போகும். கலியாணங்கட்டின நாள்ல இருந்து பாக்கிறேன்."

"தெரிஞ்சா அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"தெனமும் சொல்றேனா நானு?" குழம்புச் சட்டியைச் சாய்த்து, மீன் துண்டம் விழாமல், தண்ணீராக ஒரு கரண்டி அவர் சோற்றில் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு புஹாரி கல்லில் உட்கார்ந்திருந்தார். பள்ளம் அவருக்கும் பொருந்தியது. சரவணமுத்துவைக் கண்டதும் ஒரு பக்கமாக நகர்ந்து பாறையைத் தட்டிக் காட்டினார். "வாங்க முத்தண்ணன், ரெண்டு பேருக்கும் எடம் ஈக்கி."

"நமக்கு இதே போதும்" என்று சரவணமுத்து மறுகரையில், கோரைப்புல்லும் சேறுமாகக் கிடந்த இடத்தில் குந்தினார். அன்று முழுக்க அவருடைய மிதப்பை அவர் பார்த்ததைவிடப் புஹாரியின் மிதப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

பொழுது சாய்ந்தது. புஹாரி ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த கோர்வையை இழுத்தெடுத்து, கரையைச் சுற்றிக்கொண்டு தானே வந்து, எடை சொல்லச் சொல்லி நீட்டினார். "செல்லுங்க."

"இன்னைக்குத் தண்ணி உண்டா, இல்லையா மச்சான்?" என்றான் தம்பையா.

சரவணமுத்து எழுந்து நின்றார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். தங்கூசியை இரண்டு விரலில் மாட்டித் தூக்கினார். இடது கண் மூடிக்கொண்டது. உதடு மட்டும் அசையவில்லை. கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டி, கோர்வையை ஒரு உதறு உதறினார். வால்களிலிருந்து தண்ணீர் சிதறியது. பிறகு அப்படியே நிறுத்திப் பிடித்தார். சொட்டுகள் விழுந்தன, இடைவெளி விட்டு விழுந்தன, நின்றன. தோள் நடுங்கத் தொடங்கியும் கையை அவர் இறக்கவில்லை. அடி மீனின் வால் நுனியில் இன்னொரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்தபடி நின்றார்.