ஸ்பெயின் இருந்த பக்கம்

மண்ணெண்ணெய் விளக்கின் புகை மணத்தால் போதும், வசந்தியின் அட்லஸ் நினைவுக்கு வந்துவிடும். அதன் தாள்களிலும் அந்த மணந்தான்.

சண்டையில் ரயில் நின்றுபோய், தண்டவாளங்களைப் பிடுங்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்ட காலம். என்னோடு படிப்பித்த வசந்திக்குப் பாரிசிலிருந்து அவளுடைய அண்ணை விசா எடுத்திருந்தார். அங்கே போனதும் ஸ்பெயினில் ஒரு மாதம் தனியாக ரயிலில் சுற்றப்போவதாகச் சொல்லி, அட்லஸில் அந்த நாட்டுப் பக்கத்தை விரித்து நகரம் நகரமாகப் பென்சிலால் கோடு இழுப்பாள்.

“இஞ்சை பக்கத்திலை இருக்கிற கொடிகாமத்துக்கே ரெயில் இல்லை, உனக்குச் செவில்லா கேக்குதோ?” என்று சிரித்தேன். வயிறு எரிந்தது. அவள் வகுப்புக்குப் போன நேரம் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்தேன். அவள் தேடினாள். நானும் கூடவே தேடினேன்.

புறப்பட்ட அன்று அட்லஸை என் கையில் வைத்தாள்.

“ஸ்பெயின் உன்னட்டைத்தானே இருக்கு. மிச்ச உலகத்தையும் நீயே வைச்சிரடி.”