பங்களா நாற்காலி

கிருஷ்ணம்மாள் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டில், எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடொன்றில் பிறந்தவள். தாத்தா கீழ்நாட்டிலிருந்து பிழைக்க மலையேறி வந்தவர். அப்பா கருப்பண்ணன் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டி வெட்டியே விரல் கோணிப்போனவர். தாய் சின்ன வயதிலேயே போய்விட, தாயின் அக்காள் வேலம்மாள்தான் அவளை வளர்த்தாள்.

சேலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மாரிசாமிக்கு வாக்கப்பட்டுப் போனவள், டார்க் ரூமில் படம் கழுவிக் கழுவியே தொழிலைக் கற்றுக்கொண்டாள். மாரிசாமி கண்ணை மூடியதும் கொழுந்தன்மார் ஸ்டுடியோவை எடுத்துக்கொண்டார்கள். கேமராவைத் தொட மட்டும் அவள் விடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் ஏற்காட்டுக்கு பஸ் ஏறினாள்.

இறங்கினால் ஊர் அடையாளம் தெரியவில்லை. அவள் ஆடு மேய்த்த சரிவில் லாட்ஜ் நின்றது. பிறந்த எஸ்டேட்டும் கைமாறி, பங்களா விருந்தினர் விடுதியாகியிருந்தது. தை பிறந்தால் லைன் வீடுகளை இடிக்கப்போகிறார்கள், எல்லோரையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்றாள் பெரியம்மா.

பிழைப்புக்காக கிருஷ்ணம்மாள் அந்த விடுதி மேனேஜரிடமே போனாள். அவர் தன்மையாகத்தான் பேசினார். சாப்பாட்டு அறைச் சுவருக்குப் பெரிய படம் ஒன்று வேண்டுமாம். காப்பிப் பழம் பறிக்கும் கிழவிகள் கூடையோடு தரையில் உட்கார்ந்து சிரிக்க வேண்டுமாம். படம் நன்றாக வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விடுதிக்குச் சொந்தமான ஓர் அறையை ஸ்டுடியோவுக்குத் தருவதாகச் சொன்னார். அந்த அறை இல்லையென்றால் கொழுந்தன் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும்.

மறுநாள் பனி விலகியதும் பெரியம்மா வேலம்மாளும் லைன் வீட்டுக் கிழவிகள் இரண்டு பேரும் பங்களா முன்னால் வந்து நின்றார்கள். உட்காரக் குனிந்த வேலம்மாள் பாதியில் நிமிர்ந்தாள்.

"ஏங்கண்ணு, இந்தப் படத்த எங்க மாட்டுவாங்க?"

"பங்களாவுக்குள்ளதான் பெரியம்மா."

"நம்மள வெளிய போகச் சொல்லிப்போட்டு, மூஞ்சிய மட்டும் உள்ள வெச்சுக்குவாங்களாக்கும். நொம்ப நல்ல நாயம்."

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் கேட்ட சிரிப்பு அதுவேதான். கிருஷ்ணம்மாளின் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அவள் அமுக்கவில்லை.

பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலிகள் கிடந்தன. அப்பா கருப்பண்ணன் ஆயுசு முழுக்க அந்தப் படிக்குக் கீழேயே நின்றவர்.

"மேல வந்து உக்காருங்க பெரியம்மா."

கூடைகள் படியிலேயே நின்றுவிட்டன. மூவரும் ஏறி உட்கார்வதற்குள் மேனேஜர் ஓடிவந்தார். நாற்காலி விருந்தாளிகளுக்கு என்றார்.

"இவங்களும் விருந்தாளிதானுங்க. தை வரைக்கும்தான இருக்கப்போறாங்க."

"அப்ப ரூமை மறந்துடு."

"மறந்தாச்சுங்க. கொஞ்சம் நகருங்க, உங்க நெழல் விழுகுது."

வேலம்மாள் வலிக்கிற முழங்காலைக் கையால் தூக்கி மற்றதன்மேல் போட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. கிருஷ்ணம்மாள் அமுக்கினாள்.

தையில் லைன் வீடுகளை இடித்துத்தான் போட்டார்கள். கிருஷ்ணம்மாள் மலையிறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தார்ப்பாய் கட்டி, அந்தப் படத்தைப் பெரிதாக்கி முன்னால் மாட்டினாள். வேலம்மாளைக் காட்டி, எந்த எஸ்டேட் முதலாளியம்மா இது என்று கேட்ட சுற்றுலாக்காரர்களிடம், எங்கள் பெரியம்மா என்றாள். அடியில் பழைய பிரம்பு நாற்காலி ஒன்றும் போட்டிருந்தாள். மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போன லைன் சனங்கள், பஸ் வரும்வரை ஒவ்வொருவராக அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கால்மேல் கால் போட்டுத்தான்.