நிலாவில் இரண்டு இடைவெளிகள்

பகல் ஒன்றே முக்காலுக்குச் செய்தி வந்தது. நான்காம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிக்கும் நல்லமுத்து, தலைத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மாஸ்டர், நம்ம வியாகுலம் அண்ணன் டிக்கோயா ஆஸ்பத்திரியில தவறிட்டாருங்க. காலையிலயே முடிஞ்சிருச்சாம்."

வியாகுலத்தின் வேலை எழுத்துத் தகடு வெட்டுவது. தேயிலைப் பெட்டியின் மேல் தகட்டை வைத்து மை தடவினால் தோட்டத்தின் பெயர் பதியும். வட்டமான ஆங்கில எழுத்தை முழுச் சுற்றாக வெட்டினால் நடுத்தகடு கழன்று விழுந்துவிடும். அதனால் மேலும் கீழும் சிறிது வெட்டாமல் விட வேண்டும். வருடக்கணக்கில் அப்படியே வெட்டிப் பழகிய கை.

1951இல் மாதா கோயில் திருநாளுக்கு, வசனமே இல்லாமல் முழுதும் பாட்டாகவே ஒரு நாடகம் போட்டோம். மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைக்கு ஓர் அரண்மனை முற்றம் வேண்டியிருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளில் அவர்தான் வரைந்து தந்தார். தூண், படி, வட்டச் சன்னல், மேலே முழு நிலா. திரைக்கு வண்ணம் பூச வந்த அழகுமுத்து தாளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, ராசா வீடும் நம்ம லயத்து வீடு மாதிரியே வெடிச்சிக் கெடக்கு? நிலாவக்கூட விடலயே!"

ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு இடைவெளி. வியாகுலம் அப்போதுதான் கவனித்தார்.

"அட, நடு விழுந்துருமேன்னு விட்டுட்டேன்டா."

நிலா விழாமலே இருக்கட்டும் என்று திரையிலும் அப்படியே தீட்டினார்கள்.

நாடகம் பார்க்க வந்த, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரியதுரை அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, பங்களாவில் கண்ணாடி போட்டு மாட்டினார். சீமைக்குத் திரும்பும்போது தம் படங்களையெல்லாம் கொழும்பில் ஓர் ஓவியக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சென்ற வருடம் ஆசிரியர் பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போன நான் அங்கே அதைக் கண்டேன். 'பாட்டு நாடக மேடைக்கான வரைபடம். வரைந்தவர் தெரியவில்லை' என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

தோட்டத்துக்குத் திரும்பியதும் வியாகுலத்திடம் சொன்னேன்.

"ஒங்க பேரப் போடச் சொல்லி எழுதுவோம்ண்ணே."



"வேணாம் மாஸ்டர். இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்குப் பேரெழுதி அனுப்புனேன், இந்தியாக்காரன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. யாரு படம்னு தெரியாததால அது தொங்குது. தெரிஞ்சா கழட்டிருவாங்க."

"கழட்டுனா நம்ம பள்ளிக்கூடத்துல மாட்டிக்கலாம்."

"ஆமா, கூரை ஒழுகுற எடமாப் பாத்து மாட்டுங்க" என்று சிரித்தார்.

ஆறு மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகள் சிசிலிக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"எழுதுங்க மாஸ்டர். இந்த நாட்டுல ஒரு எடத்துலயாவது நம்ம பேரு இருக்கட்டும். பேரப்புள்ள போய்ப் பாக்கட்டும்."

அன்று மாலையே ஓவியக்கூடத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்த இடைவெளிகளின் காரணத்தையும் விளக்கினேன். தகடு வெட்டுகிறவரைத் தவிர வேறு யார் நிலாவை அப்படி வரைவார்கள்? செவ்வாய்க்கிழமை அவர் இருமலோடு பள்ளிக்கு வந்து தமிழில் கையெழுத்திட்டார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் விட்டு, "தபால்ல போட்டாச்சா?" என்று கேட்டார். நாளைக்குப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாக்கியத்தின் ஆங்கிலம் மட்டும் எனக்குச் சரிப்படவில்லை என்று நாளைக் கடத்தினேன்.

கடிதம் மேசைமேல் இருக்கிறது. உறையில் முகவரி எழுதியாகிவிட்டது. தபால்தலை ஒட்டவில்லை.