சந்தேகம் இருக்கா என்று கேட்டவர்

சட்டக் கல்லூரிப் பேராசிரியர் வேலையை விட்டு இடதுசாரிக் கட்சிக்கு வந்தவர் அவர். ஒல்லி உடம்பு, தடிமனான கண்ணாடி. அறுபதுகளின் கடைசியில், பல்லாவரத்தில் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் கம்பெனி வாசலில் ஓட்டுக் கேட்டுப் பேசினார். முடித்ததும், வகுப்பில் கேட்பதுபோல, “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எங்கே பேசினாலும் அது அவர் பழக்கம்.

புண்ணான கையைத் தூக்கினேன். “மருந்துத் தண்ணில கை வெந்து பூட்ச்சி சார். இனிமே வேலைக்கு வராதன்றாங்கோ. அப்டி நிறுத்தலாமா?”

“சட்டத்தைப் பாத்துட்டு வந்து சொல்றேம்மா.”

தேர்தலில் தோற்றார். மறுவாரம் கொடியும் மைக்கும் இல்லாமல் அதே வாசலில் தனியாக நின்றார்.

“நிறுத்தக் கூடாதும்மா. வாங்க, உள்ளே போய்ப் பேசுவோம்.”

வேலை திரும்பக் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

இன்றும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பேசி முடித்ததும் என் கை தானாக மேலே போகிறது. அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.