லிவர் மாற்றிக்கொண்டு போனவர்கள்

பைக் வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள்; ஓடுகிற வண்டியை நிறுத்துகிற லிவரை மட்டும் கலர் பார்த்து வாங்குவார்கள். காமராஜ் சாலைப் பக்கம் என் தம்பி நடத்தும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்பது வருஷமாகக் கவுன்டரில் நிற்கிறேன். கிளட்ச் லிவர், பிரேக் லிவர், கீழே விழுந்தால் மடங்கிக்கொள்கிற லிவர், விரலுக்குத் தக்கபடி தூரத்தைக் கூட்டிக் குறைக்கிற லிவர் என்று சுவர் முழுக்கத் தொங்கும். நீங்களும் எங்காவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறவரானால், இனி வருவதைப் படித்துவிட்டு “நமக்கும் இதே கதைதான்” என்பீர்கள்.

எட்டாத பிரேக்

செல்வி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். கணவர் வெளிநாட்டுக்குப் போனபோது விட்டுப்போன பைக்கை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். கொழுந்தன் கூடவே வந்திருந்தான். “அண்ணிக்கு இது சரிப்படாது. ரெண்டு தடவ போய் இடிச்சிட்டாங்க. ஸ்கூட்டர்தான் லாயக்கு” என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

நான் செல்வியை வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னேன். பிரேக் லிவரில் அவருடைய விரல் நுனிதான் பட்டது. அமுக்க வேண்டுமென்றால் கை பிடியை விட்டே நகர வேண்டும். தூரம் குறைக்கிற லிவரை மாட்டி, திருகைத் திருப்பி விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து, கடை வாசலில் சொன்ன இடத்தில் நிறுத்தினார். “இப்ப பயமா இல்லையா அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“இத்தினி நாளா ஓட்டத்தான் பயம்னு நெனச்சிட்டிருந்தேன் தம்பி. நிறுத்தத்தான் பயந்திருக்கேன்.”

பாரிஸிலிருந்து வந்த பெட்டி

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயரான பெரியவர் ஒருவரை எங்கள் தெருவில் எல்லோரும், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் வெல்வெட் பெட்டி ஒன்றை நகைக்கடைக்காரர் மாதிரி திறந்து கவுன்டரில் வைத்தார். உள்ளே ஒரு ஜோடி லிவர். பாரிஸிலிருந்து மகள் அனுப்பியது. ஒன்பது வருஷத்தில் அவ்வளவு அழகான லிவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வண்டிக்கு அது சேராது. போல்ட் ஏறுகிற இடம் தடிமன் ஜாஸ்தி.

“அரத்தால கொஞ்சம் ராவி மாட்டிக் குடு மா” என்றார். அந்த இடத்தில் ராவினால் பலம் போய்விடும், நடு ரோட்டில் கையோடு வந்துவிடும் என்றேன். பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவருடைய கவலை வண்டியைப் பற்றி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் “மாட்டியாச்சா?” என்று கேட்பாள். நான் எங்கள் சுவரிலிருந்து சாதாரண ஜோடி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது.

“இதையே மாட்டு. வீடியோ கால்ல அவ வந்தா வண்டிய தூரமா நிறுத்திக்கிறேன்.”

மூன்று விரல்

வைத்திக்குப்பத்து முருகையனுக்குப் படகில் கயிறு சுற்றும்போது இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. புண் ஆறி ஆறு மாசம் ஆகியும் வண்டியைத் தொடவில்லை. கிளட்சைப் பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி மீன் கூடையோடு தினமும் ஆட்டோவில் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரை இழுத்துக்கொண்டு வந்ததும் அந்த அம்மாதான்.

யாரோ குட்டை லிவர் போடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் நீளம் குறைந்தால் இழுக்கிற பலம் கூட வேண்டும். மாட்டிப் பார்த்ததும் முருகையன் கையை எடுத்துக்கொண்டார். “வேணாம்க்கா, விட்டுடு” என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீள லிவராக எடுத்து, கைக்குக் கிட்டே வைத்து, கேபிளையும் புதிதாக மாற்றி எண்ணெய் விடும்படி கடை மெக்கானிக்கிடம் சொன்னேன். மூன்று விரலால் இழுத்தார். வந்தது. வண்டி ஒரு தடவை அணைந்தது. இரண்டாம் தடவை கிளம்பி, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கியவர் எங்கள் பக்கம் திரும்பாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னிடம் சொன்னார்:

“ஆறு மாசமா ஆட்டோக்காரங்கிட்ட சண்ட போட்டு அலுத்துட்டேன். இனிமே இவருகிட்டயே போட்டுக்கறேன்.”

தவளக்குப்பம் வரை

இது என் தப்பு. கடலூர் போகிற வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். முன் பிரேக் லிவர் வளைந்திருந்தது. மெக்கானிக் சாப்பிடப் போயிருந்ததால் நானே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவரே மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கவுன்டரில் கிடந்த பழைய லிவரைத் தூக்கிப் போடப் போனபோதுதான் கவனித்தேன். உள்ளே பிரேக்கை அமுக்குகிற மூக்கு இதில் குட்டை. நான் கொடுத்த மாடலில் கொஞ்சம் நீளம். அப்படியென்றால் கையை எடுத்தாலும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். போகப் போகச் சூடேறி, ஓடுகிற வண்டியின் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பில்லில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பழைய லிவரையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் ஒரு கும்பல் நின்றது. ஸ்கூட்டரை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடினேன். கிட்டே போனால், இளநீர் வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தவளக்குப்பம் ஜங்ஷனில் கரும்பு ஜூஸ் கடை ஓரமாக அந்த வண்டி நின்றது. டிஸ்க் பக்கம் கருகல் வாசனை. வாத்தியார் ஒரு மரத்தடியில், அவர் மனைவி இன்னொரு மரத்தடியில். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். சூடு ஆறியதும், வளைந்திருந்தாலும் சரியாகப் பொருந்துகிற பழைய லிவரையே மாட்டி, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன், தடையில்லாமல் ஓடியது. வாத்தியார், தன் மனைவி இருந்த மரத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வண்டி இழுக்கலன்னதும், நீ வெயிட் போட்டுட்டேன்னு அவளத் திட்டிட்டேன் மேடம். நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

போய்ச் சொன்னேன். அன்று முதல் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் எந்த வண்டியையும் அனுப்புவதில்லை.

மற்ற கடைக்காரர்களெல்லாம் வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டும் என்று சாமி கும்பிடுகிறார்கள். நான் அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.