வீணைக்கு வளர்த்த நகம்

"வீணைய விட்டுராத, வந்து கேக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கணவர் பம்பாய்க்கு வேலைக்குப் போனார். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு வாடகை அறையில் நான் மட்டும் இருந்தேன்.

நான் நகத்தால் மீட்டுகிறவள். வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகம் உறுதியாக இருந்தால்தான் நாதம் வரும். அவர் போன நான்காம் மாதமே அவை வெங்காயத் தோல் மாதிரி உரியத் தொடங்கின. ஒருத்திக்கு என்ன பெரிய சமையல் என்று பழைய சோறும் ஊறுகாயுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். நகத்துக்கு எண்ணெய் தடவினால் போதும் என்று நினைத்த மடச்சி நான்.

வீட்டுக்காரம்மா நாஞ்சில் நாட்டுக்காரி. என் விரலைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"மக்களே, வெளிய எண்ணெய் தேச்சு என்ன? வயித்துக்குள்ள சத்தா வல்லதும் போகாண்டாமா?"

எரிச்சலாக வந்தது. ஆனாலும் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்பு உளுந்தும் எள்ளும் வாங்கினேன். தினமும் உளுந்தங்கஞ்சி, முருங்கைக்கீரை, ஒரு டம்ளர் மோர். தனியாக உட்கார்ந்து தின்பது இருக்கிறதே, அப்பப்பா, அதைப் போல ஒரு தண்டனை கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு விழுங்கினேன். பாத்திரம் தேய்க்கும் சாம்பல் படக்கூடாதென்று வலது கையில் துணி சுற்றிக்கொண்டேன். நகத்தை வெட்டாமல் கல்லில் மெல்ல உரசி அளவாக்குவேன்.

இரண்டரை வருஷம் கழித்து, பத்து நாள் லீவில் வந்தார். அன்று சாயங்காலமே பாய் விரித்து வீணையோடு உட்கார்ந்தேன். சுருதி சேர்ப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வளத்து வச்சிருக்கியே! பாவம், எப்படி வீட்டுவேல பாத்த?" என்று பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். விரலில் மாட்டி மீட்டுகிற கம்பி நகங்கள். "அங்க எல்லாரும் இதத்தான் போடுதாவ. இனி உனக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம்."

சவரப் பிளேடைக் கையில் எடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நகம் வெட்டக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதைச் சொல்லியாவது தடுத்திருக்கலாம். ஆனால் இத்தனை நாளில் என் கையை ஒருவரும் பிடித்ததில்லை. பேசினால் விட்டுவிடுவாரோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. இரண்டு நகமும் பாயில் விழுந்தன.

இடது கை கம்பியை அழுத்துகிற கை. அதில் நாங்கள் நகமே வளர்ப்பதில்லை. வெட்ட ஒன்றும் இல்லாத அந்தக் கையையும் நீட்டினேன்.